சனிக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை வெளுப்பு

பினாங்கு ஹோட்டல்களில் எந்த ராத்திரி என்ன விருந்து, என்ன ஆட்டம் என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் யாரும் பத்திரிகை வாங்கியதில்லை. அழுக்கு மூட்டையைப் பிரித்தாலே போதும். மேசைவிரிப்பில் சிவப்பு ஒயின் கறை திட்டுத் திட்டாக இருந்தால், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட விருந்து. மெழுகு சொட்டியிருந்தால், மின்விளக்கை அணைத்துவிட்டு நடத்தியது. கறுப்புக் கால்சட்டையின் கீழ்மடிப்பில் மாவு மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் நடனம். மரத்தரையில் கால் வழுக்கி ஓடுவதற்காக பிரெஞ்சு சாக் தூவுவார்கள். ஆடுகிறவர்களின் காலோடு ஏறி அது எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடும். சட்டைக் காலரில் உதட்டுச் சாயம் இருந்தால் அப்பா எதுவும் சொல்லமாட்டார். அம்மாதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் இருந்தது எங்கள் வண்ணான்துறை. வெள்ளைக்காரர்கள் அதை டோபி காட் என்றார்கள். பக்கத்திலேயே இராமர் கோயில். கொடி கட்டிய வெளியில் எப்போதும் வெள்ளை வெள்ளையாகத் துணி பறந்துகொண்டிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா கப்பலேறி வந்தபோது கைத்தொழிலையும் கூடவே கொண்டுவந்தார். ஊரில் அவருடைய அப்பா வீட்டுக்கு வீடு போய், வாசலுக்கு வெளியே நின்று, ராத்திரிச் சோற்றைப் பானையில் வாங்கிக்கொண்டு வருவாராம். அதுதான் கூலி. இங்கே சட்டைக்கு இத்தனை காசு, விரிப்புக்கு இத்தனை காசு என்று தலைக்கணக்கு. மாதக் கடைசியில் வெள்ளியும் காசுமாக எண்ணிக் கையில் வாங்கலாம். தாத்தாவுக்கு இந்த ஊரில் பிடித்தது கடலும் இல்லை, மலையும் இல்லை, இந்தக் கணக்குதான் என்று அப்பா சொல்வார்.

சனிக்கிழமை ராத்திரி ஊர் ஆடும். ஞாயிறு பகலில் மூட்டைகள் வந்து இறங்கும். திங்கட்கிழமை விடியுமுன்பே அடுப்பு மூட்டிச் சோடாவும் சவர்க்காரமும் போட்டு வேகவைத்தாக வேண்டும். பிறகு கல்லில் அடிப்பு, அலசல், நீலம், கஞ்சி, கொடி, பெட்டி. சிரட்டைக்கரி போட்ட பித்தளைப் பெட்டி அத்தனை கனம். சிறுவர்களை அதைத் தொட விடமாட்டார்கள். எனக்குக் கிடைத்த வேலை கறை பார்ப்பது. வெள்ளாவியில் வைக்கும் முன்பே கறை எடுக்க வேண்டும். வெந்துவிட்டால் அது துணியோடு உறவாகிவிடும். துரு பிடித்த இடத்தில் எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவது, மெழுகைச் சுரண்டிவிட்டுப் பழுப்புக் காகிதம் வைத்துச் சூட்டுப் பெட்டியால் இழுப்பது, உதட்டுச் சாயத்துக்கு மண்ணெண்ணெய். கறிச்சாற்று மஞ்சளுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். சவர்க்காரம் பட்டால் செக்கச் செவேல் என்று பயமுறுத்தும். வெயிலில் கிடந்தால் தானே மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் துரைமார்கள் கறிச்சோறு தின்பது அங்கே ஒரு சடங்கு. கறி டிஃபின் என்பார்கள். பத்துப் பதினைந்து கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வரும், பியர் வரும், பிறகு சாயங்காலம் வரைக்கும் தூக்கம். கைத்துண்டுகள் முழுக்க மஞ்சளாக வரும். நம்முடைய சாப்பாட்டைத் தின்றுவிட்டு நம்மிடமே துவைக்கக் கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்வார்.

பினாங்கு ஹோட்டல்கள் என்றாலே ஃபார்குவார் தெருவில் கடலை ஒட்டி நிற்கும் ஈ அண்ட் ஓ-வில்தான் பேச்சு தொடங்கும். சார்க்கீஸ் சகோதரர்கள் ஆர்மீனியர்கள், பாரசீகத்தின் இஸ்ஃபஹான் பக்கத்துக்காரர்கள். ஈஸ்டர்ன், ஓரியண்டல் என்று இரண்டாக இருந்த ஹோட்டல்களை ஒன்றாக்கி 1889இல் அந்தப் பெயரை வைத்தார்கள். சிங்கப்பூர் ராஃபிள்ஸும் ரங்கூன் ஸ்ட்ராண்டும் இதே குடும்பம் தொடங்கியவைதான். சகோதரர்களில் கடைசியாகப் பினாங்கைப் பார்த்துக்கொண்டவர் அர்ஷாக். விஸ்கிக் கிளாஸைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், நடன அறையை வால்ட்ஸ் ஆடிச் சுற்றி வருவாராம். புத்தகங்களிலும் இதை எழுதியிருக்கிறார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். கையில் காசில்லாத தோட்டத் துரைகளின் கணக்கை அர்ஷாக் கிழித்துப் போட்டுவிடுவார் என்றும் ஊரில் பேச்சு உண்டு. ஹோட்டல் நடத்தியது லாபத்துக்கா, கூட்டாளிகளோடு கூத்தடிக்கவா என்று கேட்டால் தாத்தா இரண்டாவதைத்தான் சொல்வார். அர்ஷாக் 1931இல் இறந்தார். ரப்பர் விலை விழுந்திருந்த காலம். அதே ஆண்டில் அவர்களுடைய நிறுவனமும் நொடித்துப்போனது. கட்டடமும் பெயரும் வேறு கைகளுக்குப் போய் நின்றன. சாமர்செட் மாம், நோயல் கவார்ட் எல்லாம் அங்கே தங்கியவர்கள் என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் துறையில் பெருமை அந்தக் கிளாஸ் சிந்தாத ஆளுக்குத்தான்.

பினாங்கின் கேளிக்கை அந்த ஒரு ஹோட்டல் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. சார்க்கீஸ்காரர்கள் கடலோரத்தில் விருந்து வைக்கத் தொடங்கிய அதே காலத்தில், 1885இல், ஊருக்குள்ளே புஷி இந்திரா பங்சாவான் என்ற மேடைக் குழு எழுந்தது. பம்பாய்ப் பார்சி நாடகக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போனதைப் பார்த்து, அதையே மலாயில் ஆடியவர்கள். ராஜா ராணிக் கதை, இடையிடையே பாட்டும் ஆட்டமும். ஹோட்டலுக்குள் போக முடியாத ஊர் தனக்கென்று ஓர் ஆட்டத்தை அப்போதே செய்துகொண்டது.

எனக்கு விவரம் தெரிந்த ஐம்பதுகளில் கேளிக்கைக்குப் படிக்கட்டு மாதிரி வரிசை இருந்தது. உச்சியில் கடலோர ஹோட்டலின் நடன அறை: சனிக்கிழமை இரவு விருந்தும் ஆட்டமும், நவம்பர் 30இல் ஸ்காட்லாந்துக்காரர்களின் புனித ஆண்ட்ரூ ராத்திரி, டிசம்பர் 31இல் காகிதத் தொப்பியும் ஊதுகுழலும். மலைமேல் கிராக் ஹோட்டல். 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கும் முன்பு அங்கே போகிறவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். வடக்குக் கடற்கரையில் ரன்னிமீட். போருக்குப் பிறகு அதைப் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது. பத்து ஃபெரிங்கியில் 1948இல் திறந்த லோன் பைன். அதற்குக் கீழே ஹைனான் சீனர்கள் நடத்திய சிறு ஹோட்டல்கள்; அங்கே ஆட்டம் இல்லை, சிக்கன் சாப்பும் காப்பியும் அருமையாக இருக்கும். பெரிய ஹோட்டல்களின் சமையலறையிலும் பரிமாறுகிற இடத்திலும் இருந்தவர்கள் அந்த ஹைனான்காரர்களே. வெள்ளைக்காரன் மலாயாவில் சாப்பிட்ட இங்கிலீஷ் சாப்பாட்டைச் சமைத்தவன் சீனன். இதை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் குறை.

கடைசிப் படியில் நியூ வேர்ல்டும் வெம்ப்ளியும். இவை கேளிக்கைப் பூங்காக்கள். சுவாத்தோ சந்துப் பக்கம் போனாலே நியூ வேர்ல்டின் இரைச்சல் கேட்கும். உள்ளே சீனக் கூத்து, குத்துச்சண்டை, சினிமா, சூது மாதிரியான விளையாட்டுக் கடைகள், கேபரே, எல்லாம் ஒரே மதிலுக்குள். ரோங்கெங் மேடையில் கெபாயா உடுத்திய மலாய்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் வாங்கியவன் மேடையேறி ஒருத்திக்கு எதிரே நின்று ஆடலாம், தொடக்கூடாது. வயலினும் அக்கார்டியனும் ரெபானா மேளமும் சேகண்டியும் வாசிப்பார்கள். துறைமுகக் கூலி, போலீஸ்காரர், கடைக் கிராணி, இடுப்பில் கைலியோடு வருகிற நம் ஆட்கள், யாரும் ஆடலாம். அந்தப் பெண்களின் கெபாயாக்களும் எங்கள் துறைக்கு வந்தன. அந்த மெல்லிய ரேந்தைத் துணியைக் கல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அம்மா மட்டும் தொட்டியில் வைத்துக் கையால் கசக்குவார். மார்பில் குத்துகிற ஊசிப் பதக்கம் விட்ட பச்சைக் களிம்பை நான் எலுமிச்சம்பழத்தால் எடுப்பேன்.

ரோஸ் சான் வந்தபோது மட்டும் பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். உடம்பில் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு ஆடி, ஆடையை ஒவ்வொன்றாகக் களைகிறவர். மலாயா முழுக்கப் பேர் போனவர். துணி வெளுக்கிறவனுக்கு அந்த அம்மாவால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று துறையில் ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அடிகல் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை.

படிகள் இப்படி மேலும் கீழுமாக இருந்தாலும், எல்லாப் படிகளிலும் கால் வைத்தவர்கள் வாத்தியக்காரர்கள்தான். சனிக்கிழமை பெரிய ஹோட்டலில் வால்ட்ஸ் வாசிக்கிறவர், புதன்கிழமை கேபரேயில் சா-சா-சா வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்கன் பக்கத்தில் நிற்பார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள் பலர். புலாவ் திக்குஸ் பக்கத்து யுரேஷியர்கள் சிலர். மெர்டேக்கா என்ற விடுதலைக்கு முன்னும் பின்னும் தேசப் பாட்டுகளுக்கு மெட்டமைத்த ஜிம்மி பாய்ல் அந்த ஊர்க்காரர்களில் ஒருவர். சம்பளம் எப்படி இருந்ததோ, வெள்ளை ஷார்க்ஸ்கின் ஜாக்கெட்டும் கஞ்சி போட்ட சட்டையும் இல்லாமல் மேடையேற முடியாது. அதனால் அவர்கள் எல்லாருமே சலவைக்காரனுக்குக் கடன்பட்டவர்கள். அப்பா பழுப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தார்.

துணிகளுக்குச் சேங்கொட்டைப் பால் தொட்டுக் குறி போடுவோம். எத்தனை வெளுத்தாலும் அது போகாது. வாத்தியக்காரர்களின் துணிக்குக் குறியே தேவையில்லை என்பார் அப்பா. வயலின்காரர் சட்டையின் இடது தோளில் குங்கிலியத் தூள் படிந்திருக்கும், காலரின் இடப் பக்கம் முதலில் நைந்துபோகும். சாக்ஸபோன்காரருக்குப் பின்கழுத்தில் வார் இழுத்த கறுப்புக் கோடு. ட்ரம்பெட்காரர் குழாயில் சேர்ந்த எச்சில் நீரை வடிப்பது கால்சட்டை முட்டியில். தாளக்காரர் ஜாக்கெட் அக்குளில் உப்புப் பூத்து வரும். அக்கார்டியன்காரருக்குச் சட்டைப் பொத்தான்களே மிஞ்சாது. பியானோக்காரர்தான் சுத்தம், முழங்கைப் பக்கம் மட்டும் சிகரெட் சுட்ட ஓட்டை. இந்தப் பாடம் எனக்கு அத்துப்படி. வாத்தியங்களை நான் கண்ணால் பார்த்ததற்கு முன்பே கறையால் தெரிந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வாத்தியக்காரர் ஒருவர் ஜாக்கெட் வாங்க வரவில்லை. ஆட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது. அப்பா என் கையில் கொடுத்துச் சைக்கிளில் அனுப்பினார். ஹோட்டல் பின்வாசலில் கேட்டால், உள்ளே போ, உள்ளே போ என்று சமையலறை வழியாகத் தள்ளிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஹைனான்காரர்கள் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என் இரண்டு பக்கமும் பறந்தார்கள். ஆடும் கதவு ஒன்று. அது திறந்து மூடுகிற இடைவெளியில் எனக்கு நடன அறை துண்டு துண்டாகத் தெரிந்தது. முதல் துண்டில் ஒரு பெண்ணின் வெறும் முதுகு. அடுத்ததில் பளபளக்கிற தரை. அடுத்ததில் மேசைகள், மேசைகள்மேல் அந்த வாரம்தான் வெளுத்து வந்த விரிப்புகள். கஞ்சி நன்றாக நின்றிருந்தது. கூட்டம் ஆடிய விதம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சினிமாவில் மாதிரி யாரும் சுழலவில்லை. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல், கடிகார முள் மாதிரி அறையைச் சுற்றி நகர்ந்தார்கள். நியூ வேர்ல்டில் துறைமுகக் கூலி ஆடுவது இதைவிடப் பார்க்க நன்றாக இருக்கும் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்படி ஆடியவர்களில் பாதிப் பேர் கெடாவிலிருந்தும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலிருந்தும் பட்டர்வொர்த் வந்து படகேறிய தோட்டத் துரைகள். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியதே சுங்கை சிப்புட்டில் துரைகள் சுடப்பட்டதிலிருந்துதான். அடுத்த சில வருடங்கள் அவர்கள் துப்பாக்கி இல்லாமல் எங்கும் போனதில்லை. கால்சட்டை இடுப்பில் துப்பாக்கி எண்ணெய்க் கறை வரும். என் மாமா, அம்மாவுக்கு அண்ணன், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வரும்போது எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஒருமுறை தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றைச் சும்மா புரட்டியவர், காலர் உள்ளே தைத்திருந்த பெயர்த் துண்டைக் கண்டு திகைத்துப்போனார். அவர் தோட்டத்துப் பெரிய துரை. அதிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அந்த ஆள் வந்து நின்றால் தோட்டமே மூச்சை அடக்கும். “இவரா இங்க வந்து ஆடுறாரு?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆடுகிறார், பாடுகிறார், காலரில் சாயத்தோடு போகிறார் என்று அம்மா அடுக்கினார். மாமா சட்டையைப் பழையபடி மடித்து அதே இடத்தில் வைத்தார். “அங்க சிரிச்சு நான் பாத்ததில்ல” என்றார். அந்தச் சட்டையைச் சீக்கிரம் அனுப்பிவிடச் சொன்னார், அது வீட்டில் இருக்கிறவரைக்கும் அவருக்குத் தூக்கம் வராதாம்.

நல்லது மட்டும் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை. ஒரு ஹோட்டலில் சுருட்டு நெருப்பு விழுந்து பொத்தலான விரிப்பை எங்கள் கணக்கில் எழுதி, மாதப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். சுருட்டு ஓட்டை வட்டமாக ஓரம் கருகியிருக்கும், இஸ்திரிப் பெட்டி சுட்டால் முக்கோணமாகப் பழுக்கும். இதை விளங்கவைக்க அப்பா விரிப்பைத் தூக்கிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார். மானேஜர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஹோட்டலின் பெயரை நான் எழுதப் போவதில்லை, இப்போது அதை நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள்.

1957இல் புத்தாண்டோடு ஜார்ஜ் டவுன் மாநகரமானது, ஆகஸ்டில் மெர்டேக்கா. துரைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேறினார்கள். நடன அறை காலியாகவில்லை. தவுக்கே எனப்படும் சீன முதலாளிகளின் மகன்கள், யுரேஷியக் கிராணிகள், டாக்டர்கள், வழக்கறிஞர்கள், நம்மவர்களிலும் சிலர், குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பட்டர்வொர்த் விமானத் தளத்து ஆஸ்திரேலியர்கள் வந்தார்கள். அவர்களுடைய துணியில் பியரைத் தவிர வேறு கறை கிடையாது. அறுபதுகளின் பின்பாதியில் வியட்நாம் போரிலிருந்து விடுப்பில் வந்த அமெரிக்கப் பையன்கள். டுவிஸ்ட் வந்து, கிட்டார் வந்து, வெள்ளை ஜாக்கெட்டுக்கு மவுசு குறைந்தது. 1969இல் தீவின் சுங்க விலக்குப் போனது. 1973இல் பத்து ஃபெரிங்கியில் ராசா சாயாங் திறந்தபோது, அந்த மாதிரிப் பெரிய ஹோட்டல்கள் சலவை இயந்திரத்தோடுதான் பிறந்தன. எங்கள் கல்லுக்கு வேலை குறைந்த கதை நீளமானது; எல்லா ஊர்த் துறைகளுக்கும் அதே கதைதான், விட்டுவிடுகிறேன்.

சொல்ல வேண்டியது அண்ணன் கதை. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், ட்ரம்பெட் வாசிப்பவர், மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தார். கேட்டால் அழகாகச் சிரிப்பார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: பாக்கிக்கு ஈடாகப் பெரியவனுக்கு வாத்தியம் சொல்லித் தருகிறேன். அப்பாவுக்கு அரை மனது. அண்ணன் அதற்கு முன்பே அந்த ஆளின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது. நம் ஊர் பி. ராம்லி ஒரு மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் சினிமா இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கண்ணில் பட்டு, 1948இல் சிங்கப்பூர் போய் சினிமாவில் பெரிய ஆளானார். பினாங்கில் வாத்தியம் பிடித்த பையன்கள் எல்லாருக்கும் அப்போது அந்தக் கனவு இருந்தது.

பயிற்சிக்கு இடம் துணி காய்கிற வெளி. தொங்குகிற விரிப்புகளுக்கு நடுவே நின்று ஊதுவான். முதல் சில மாதங்கள் எருமை கன்று ஈனுகிற சத்தம். சாவு வீட்டுக்குக்கூட இதைக் கூப்பிடமாட்டார்கள் என்றார் அப்பா. கோயில் பூசாரி, சாமி தூங்கட்டும் தம்பி என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. பிறகு ஒருநாள் சத்தம் பாட்டாகிவிட்டது. கல்யாண வீடுகளில் தமிழ் சினிமாப் பாட்டு வாசிக்கிற இசைக்குழுவில் சேர்ந்தான். நியூ வேர்ல்ட் கேபரேயில் யாராவது வராத அன்றைக்கு அவன் போவான். தவணை கட்டி ஒரு ஷார்க்ஸ்கின் ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டான்.

ஒரு டிசம்பர் 31இல் பெரிய இடத்து வாத்தியக் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, எங்கள் அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் படுத்தான். அம்மா அதை வீட்டுத் துணியோடு எடுத்து வைத்தார். அப்பா வந்து அதைத் தனியே பிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டிக்கு நேரே எச்சில் நீர்க் கறையைத் தேடி, அது ஜாக்கெட், கால்சட்டை இல்லை என்று நினைவு வந்து, வாய்க்குள்ளே ஏதோ முனகினார். பிறகு பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து, புதுப் பக்கம் புரட்டி, மேலே அண்ணன் பெயரை எழுதி, ஜாக்கெட் ஒன்று, 60 காசு என்று போட்டார்.

அண்ணன் எழுந்து காப்பி குடிக்கும்போது புத்தகத்தைக் காட்டினார். அவன் முதலில் சிரித்தான், அப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

“வாத்தியக்காரனுங்க எல்லாரும் அதத்தான் சொல்றானுங்க” என்றார் அப்பா.